ஹாஃப் டோம் ஒரே நாள்ல ஏறி இறங்கணுமா: லாட்டரில இருந்து முட்டி வலி வரைக்கும் முழு வழிகாட்டி

மார்ச் மாசம் பொறந்தாச்சுன்னா எங்க வாட்ஸப் குரூப்ல ஒரே பேச்சுதான், "லாட்டரி போட்டாச்சா?" கிரீன் கார்டு லாட்டரி இல்லீங்க, ஹாஃப் டோம் மலை ஏற பெர்மிட் குடுக்குற லாட்டரி. போடுறவங்கள்ல பாதி பேரு, ரெண்டு இரும்புக் கம்பி நடுவுல வரிசையா ஆளுங்க தொங்கிட்டு இருக்குற அந்த ஒரு போட்டோவ பார்த்துட்டுதான் போடுறாங்க. நானும் அப்படித்தான் போட்டேன். ரெண்டு தடவ போயிருக்கேன், முதல் தடவ அந்தக் கம்பிய, அதாவது கேபிள, கண்ணால பார்த்துட்டு தொடாம திரும்பி வந்தேன், ரெண்டாவது தடவதான் உச்சி. கேபிள் ஏறி இறங்குறது கூட்டம் இல்லன்னா மொத்தமே ஒரு மணி நேர வேலை. மீதி பத்து பதினோரு மணி நேரத்தப் பத்தி எனக்கு யாரும் சொல்லல, அதனாலதான் இந்த நீளமான பதிவு.

மொதல்ல எது என்னன்னு பார்த்துடுவோம். கலிஃபோர்னியால யோசெமிட்டி நேஷனல் பார்க்ல இருக்குற மொட்டைப் பாறை இது. கடல் மட்டத்துல இருந்து 8,800 அடிக்கு மேல, பள்ளத்தாக்கு தரையில இருந்தே கிட்டத்தட்ட 5,000 அடி. மிஸ்ட் ட்ரெயில் வழியா போயிட்டு வந்தா 14 மைல், அதாவது 22, 23 கிலோமீட்டர். ஜான் மியூர் ட்ரெயில் வழின்னா 16 மைலுக்கு மேல. ஏத்தம் மட்டும் 4,800 அடி. பத்துல இருந்து பன்னெண்டு மணி நேரம் ஆகும்னு பார்க்காரங்களே சொல்றாங்க, நம்ம ஆளுங்க போட்டோ எடுக்குற வேகத்துக்கு பதிமூணுன்னு வெச்சுக்கோங்க.

பெர்மிட்

கேபிள் நட்டு வெச்சிருக்குற சீசன் மே கடைசி வாரத்துல இருந்து அக்டோபர் ரெண்டாவது வாரம் வரைக்கும். பனிய பொறுத்து கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். அந்த நாள்கள்ல, கேபிளுக்கு முன்னாடி வர்ற சப் டோம்ங்குற பாறை மேட்டோட அடிவாரத்த தாண்டி ஒரு அடி வைக்கணும்னாலும் பெர்மிட் வேணும், வாரநாள் வாரக்கடைசி எல்லாம் ஒன்னுதான். ஒரு நாளைக்கு மொத்தம் 300 பேர், அதுல நம்மள மாதிரி ஒரே நாள்ல போயிட்டு வர்றவங்களுக்கு சுமார் 225.

ரெண்டு வழி இருக்கு. ஒன்னு மார்ச் 1ல இருந்து 31 வரைக்கும் ரெக்ரியேஷன் டாட் கவ் சைட்ல போடுற லாட்டரி. ஒரு அப்ளிகேஷன்ல ஆறு பேரு வரைக்கும், ஏழு தேதி வரைக்கும் குடுக்கலாம், ரிசல்ட் ஏப்ரல் நடுவுல வரும். அப்ளை பண்ண 10 டாலர், கிடைச்சா ஆளுக்கு இன்னொரு 10 டாலர். இங்கதான் நம்ம ஆளுங்க புத்திசாலித்தனம் பண்றேன்னு மாட்டுவாங்க: ஒருத்தர் ஒரு தடவதான் லீடரா போடலாம், ரெண்டு தடவ போட்டா ரெண்டும் போச்சு. ஆனா குரூப்ல இருக்குற ஆறு பேரும் தனித்தனியா ஆளுக்கு ஒன்னு போடலாம், அதுல தப்பில்ல. தேதி எல்லாத்தையும் சனிக்கிழமையா குடுக்காதீங்க, செவ்வாய் புதன் வெச்சு ஒரு நாள் லீவு போட்டுக்கோங்க. பெர்மிட்ல பேர் இருக்குற லீடரோ மாற்று லீடரோ ஐடி கார்டோட கூட வந்தே ஆகணும், அவருக்கு காய்ச்சல் வந்துட்டா மொத்த குரூப்பும் வீட்லதான், அதனால மாற்று லீடர் கட்டத்த காலியா விடாதீங்க.

ரெண்டாவது வழி தினசரி லாட்டரி. போகப்போற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி, நடுராத்திரில இருந்து சாயங்காலம் 4 மணிக்குள்ள போடணும், அன்னிக்கு ராத்திரியே சொல்லிடுவாங்க. எனக்கு ரெண்டாவது தடவ கிடைச்சது இப்படித்தான். இதுல ஒரு வசதி இருக்கு, வானிலைய பார்த்துட்டு போடலாம்.

உடம்ப தயார் பண்றது

சான் ஃபிரான்சிஸ்கோ சுத்துவட்டாரத்துல, அதான் பே ஏரியால, இருக்குறவங்களுக்கு ஜிம்மே வேணாம், மிஷன் பீக் மலை போதும். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ பக்கமா ஏறினா போக வர ஆறு மைல், 2,000 அடிக்கு மேல ஏத்தம். அத காலைல ஒரு தடவ ஏறி இறங்கி, கீழ வந்து தண்ணி குடிச்சுட்டு, உடனே இன்னொரு தடவ ஏறி இறங்குங்க. அப்பவும் ஹாஃப் டோமுக்கு கொஞ்சம் கம்மிதான், ஆனா மறுநாள் காலைல மாடிப்படி இறங்க முடிஞ்சுதுன்னா நீங்க ரெடி. முடியலன்னா இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போடுங்க. ரெண்டு மூணு மாசம் வாராவாரம் நடந்தவங்க சிரிச்சுட்டே இறங்குவாங்க, "நான் தினமும் 10,000 ஸ்டெப் நடக்குறேன்"னு வந்தவங்க பாதி வழிக்கு முன்னாடியே வர்ற நெவாடா ஃபால் அருவி கிட்டயே உக்காந்துடுவாங்க, நேர்ல பார்த்தது.

பைல என்ன

தண்ணி. ஆளுக்கு நாலு லிட்டர். சிரிக்காதீங்க, நாலேதான். நல்ல தண்ணி குழாய் இருக்குற கடைசி இடம் வெர்னல் ஃபால் மரப்பாலம், அது கிளம்பின ஒரு மைலுக்குள்ளயே வந்துடும். அதுக்கப்புறம் மெர்செட் ஆத்துல பிடிச்சு ஃபில்டர் பண்ணித்தான் குடிக்கணும், அந்த ஆறும் வழில வர்ற லிட்டில் யோசெமிட்டி வேலிங்குற சமவெளியோட சரி. சின்னதா ஒரு வாட்டர் ஃபில்டர் வாங்கிட்டீங்கன்னா நாலு லிட்டரையும் அடிவாரத்துல இருந்தே சுமக்க வேண்டாம், ரெண்டு லிட்டரோட கிளம்பி அங்க போய் திரும்ப முழுசா நிரப்பிக்கலாம். நான் ரெண்டாவது தடவ அப்படித்தான் பண்ணேன், முதுகு தப்பிச்சுது.

சாப்பாட்டுக்கு எனர்ஜி பார் மட்டும் வெச்சுட்டு போறவங்கள பார்த்தா பாவமா இருக்கும், ஏழாவது மணி நேரத்துல அந்த இனிப்பு தொண்டைல இறங்காது, உப்பும் புளிப்பும்தான் கேக்கும். புளி சாதம் கட்டிட்டு போங்க. நம்ம முன்னோருங்க பிரயாணத்துக்கு அத கட்டினது சும்மா இல்ல, வெயில்ல கெடாது, ஆறினாலும் ருசி. தயிர் சாதம் ஆகாது, மத்தியானத்துக்குள்ள புளிச்சு நாறிடும். கூட வறுத்த கடலை, கடலை மிட்டாய், எலக்ட்ரோலைட் பவுடர் ரெண்டு பாக்கெட். ஒரு வாய் திங்கணும்னா நின்னு தின்னுங்க, கீழ போட்டுட்டு வராதீங்க, எலுமிச்சைத் தோல்கூட.

கையுறை. வீட்டுத் தோட்டத்துக்கு வாங்குற, உள்ளங்கைல ரப்பர் பூசின கையுறை போதும், பத்து டாலருக்குள்ள. முன்னாடி கேபிள் அடியில யாராச்சும் விட்டுட்டுப் போன கையுறை குவியலா கிடக்குமாம், அத நம்பி போகாதீங்க, இப்ப குப்பைன்னு ரேஞ்சர்ஸ் அள்ளிட்டு போயிடுறாங்க.

ஷூ அடிப்பக்கம் தேயாம இருக்கணும், புதுசாவும் இருக்கக் கூடாது. ஹெட்லாம்ப் கட்டாயம், செல்ஃபோன் டார்ச் போதும்னு சொல்லாதீங்க, கை ரெண்டும் வேணும். தொப்பி, சன்ஸ்க்ரீன், லேசா ஒரு மழை ஜாக்கெட், டாய்லெட் பேப்பரும் அத திரும்ப எடுத்துட்டு வர ஒரு ஜிப்லாக் பையும். லிட்டில் யோசெமிட்டி வேலிக்கு மேல டாய்லெட் கிடையாது. முட்டி வலி இருக்குறவங்க ட்ரெக்கிங் குச்சி ரெண்டு எடுத்துக்கோங்க, கேபிளுக்கு முன்னாடி மடக்கி பைக்குள்ள வெச்சுடணும்.

கிளம்புற நேரம்

இதுலதான் நாங்க முதல் தடவ கோட்டை விட்டோம். ஷட்டில் பஸ் காலைல 7 மணிக்குத்தான், அதுல சொகுசா போலாம்னு இருந்துட்டோம். நடக்க ஆரம்பிக்கவே ஏழரை. சப் டோம் வந்து சேர்றப்ப மணி ஒன்னு, வெள்ளை வெளேர்னு இருந்த மேகம் எங்க கண்ணு முன்னாடியே அடியில கறுத்துட்டு வருது. தூரத்துல ஒரே ஒரு தடவதான் இடிச்சுது. மேல ஏறிட்டு இருந்தவங்க சில பேரு அப்படியே ஏறினாங்க. எங்க கூட வந்த அண்ணன் ஒருத்தரு, ஊர்ல பனைமரத்துல இடி விழுந்து பார்த்தவரு, "பெர்மிட் அடுத்த வருஷமும் கிடைக்கும், வாங்கப்பா"ன்னுட்டு பைய தூக்கிட்டாரு. எனக்கு அன்னிக்கு பயங்கர கோவம். ஒரு மணி நேரத்துல மழை கொட்டுச்சு, காட்டுக்குள்ள நனைஞ்சுட்டே இறங்கினோம்.

கோடைல சியர்ரா மலைல மத்தியானத்துக்கு மேல இடிமழை சகஜம். சுத்தி உசரமா வேற எதுவும் இல்லாத மொட்டைப் பாறை, அது மேல இரும்புக் கம்பி. 1985 ஜூலைல உச்சில இடி விழுந்து ரெண்டு பேரு செத்திருக்காங்க. மழை நனைச்ச கேபிள் பாதையும் அதே அளவுக்கு ஆபத்து, வருஷ வருஷமா லட்சக்கணக்கான ஷூ தேய்ச்சு அந்தப் பாறை கண்ணாடி மாதிரி ஆகியிருக்கு. 2024 ஜூலைல கூட மழையில இறங்கும்போது ஒரு இளம் பொண்ணு வழுக்கி விழுந்து உயிர் போயிருக்கு. அதனால கணக்கு பின்னாடி இருந்து போடுங்க: மத்தியானம் 12 மணிக்கு கேபிள விட்டு கீழ இறங்கியாச்சுன்னு இருக்கணும், அப்ப 10 மணிக்கு கேபிள் அடியில இருக்கணும், அப்ப காலைல 4 மணிக்கு, ரொம்ப போனா 5 மணிக்கு கிளம்பணும். சீக்கிரம் போறதுல இன்னொரு லாபம், கேபிள்ல கூட்டம் இருக்காது.

அதுக்கு முந்தின ராத்திரி பார்க் உள்ளயோ எல் போர்ட்டல், மாரிபோசா, க்ரோவ்லேண்ட் மாதிரி பக்கத்து ஊர்லயோ தங்கியே ஆகணும். ஃப்ரீமாண்ட்ல இருந்து நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்து அப்படியே ஏற முடியாது. பள்ளத்தாக்குக்குள்ள பெட்ரோல் பங்க் இல்ல, வெளியவே போட்டுக்கோங்க. கரி வில்லேஜுக்கும், நடை ஆரம்பிக்கிற இடமான ஹேப்பி ஐல்ஸுக்கும் நடுவுல ட்ரெயில்ஹெட் பார்க்கிங் இருக்கு, அங்க இருந்து ஒரு அரை மைல் நடை. வண்டில முறுக்கு பாக்கெட் ஒன்னு கூட விடாதீங்க, கரடி கதவ உரிச்சுடும், வாழைப்பழத் தோல் உரிக்கிற மாதிரி. அங்கயே இரும்புப் பெட்டி வெச்சிருக்காங்க, அதுல வெச்சு பூட்டிடுங்க.

ஏறுற வழி

ஹேப்பி ஐல்ஸ்ல இருந்து மரப்பாலம் வரைக்கும் 0.8 மைல், தார் ரோடு மாதிரி இருக்கும் ஆனா செங்குத்து. இருட்டுல ஆத்து சத்தம் மட்டும் கூடவே வரும். பாலத்துல டாய்லெட், தண்ணி. அத தாண்டினதும் பாதை ரெண்டா பிரியும், ஏறும்போது இடது பக்கம் மிஸ்ட் ட்ரெயில், அதுல போங்க. பாறைல வெட்டின 600 படிக்கு மேல, பக்கத்துலயே 317 அடி உயர வெர்னல் அருவி. மே, ஜூன்ல போனா சாரல் இல்ல, குற்றாலத்துல மெயின் அருவி பக்கம் நிக்குற மாதிரி தொப்பலா நனைஞ்சுடுவீங்க, ஃபோன பிளாஸ்டிக் கவர்ல போடுங்க. ஆகஸ்ட்ல போனா லேசா முகத்துல தெளிக்கும், அவ்ளோதான். அருவிக்கு மேல எமரால்ட் பூல்னு ஒரு குளம், பச்சையா அமைதியா கூப்பிடும். இறங்காதீங்க, கம்பி வேலிய தாண்டாதீங்க. 2011 ஜூலைல மூணு பேர ஆறு அப்படியே இழுத்துட்டுப் போய் அருவில தள்ளிடுச்சு.

அங்க இருந்து இன்னொரு சுத்து படி ஏறினா நெவாடா ஃபால், 594 அடி. கிளம்பின இடத்துல இருந்து 2.7 மைல், 2,000 அடி ஏறியாச்சு. விடிஞ்சிருக்கும், உக்காந்து ஒரு டிபன் பண்ணுங்க. இங்க ஒரு சோதனை: இப்பவே கால் நடுங்குதா, தலை வலிக்குதா? அப்படின்னா இங்கயே திரும்பினாலும் ரெண்டு பெரிய அருவிய பார்த்த நல்ல நடை. இன்னும் பாதி கூட வரல.

அடுத்து லிட்டில் யோசெமிட்டி வேலி, 6,100 அடி உயரத்துல மணல் தரை, சமமான பாதை, அன்னிக்கு மொத்தத்துல உங்களுக்கு கிடைக்குற ஒரே ஓசி. பாட்டில் எல்லாத்தையும் இங்க நிரப்புங்க. அதுக்கப்புறம் பைன் மரக் காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு ஏத்தம், சொல்றதுக்கு ஒன்னும் இல்ல, போர் அடிக்கும், நடந்துட்டே இருங்க. கடைசி ரெண்டு மைலுக்கு முன்னாடி ஒரு பிரிவு வரும், அதுல ஹாஃப் டோம்னு போட்ட போர்டு பார்த்து திரும்புங்க.

சப் டோம். பெர்மிட் செக் பண்ற ரேஞ்சர் பெரும்பாலும் இதோட அடிவாரத்துலதான் நிப்பாங்க. கேபிள விட எனக்கு கஷ்டம் இதுதான், ஆனா போட்டோல யாரும் இத காட்டுறதில்ல. நிழல் இல்லாத வெறும் பாறை, நானூறு அடிக்கு படியும் சரிவுமா, பிடிக்க ஒன்னும் கிடையாது, மேல போகப் போக படியும் மறைஞ்சு பாறை மட்டும்தான். மூச்சு வாங்கும். பத்து படிக்கு ஒரு தடவ நில்லுங்க, யாரும் துரத்தல. மேல ஏறினதும் ஒரு சின்னத் திட்டு, அங்க இருந்து நேரா எதிர்ல கேபிள் தெரியும், சுவத்துல எறும்பு ஊர்ற மாதிரி ஆளுங்க. அந்தக் கோணத்துல பார்க்க செங்குத்து மாதிரிதான் தெரியும். நிஜத்துல சுமார் 45 டிகிரிதான், கிட்ட போனா பயம் பாதி குறையும். பைய கீழ வெச்சுட்டு ஏறலாம்னு நினைச்சா அதுல திங்குற பொருள் இல்லாம பாத்துக்கோங்க. என் பைல ஜிப்ப திறந்து கூட பார்க்கல, ஒரு அணில் துணிய கடிச்சு ஓட்டை போட்டு கடலை மிட்டாய எடுத்துட்டு போயிடுச்சு.

கேபிள்

நீளம் சுமார் 400 அடி. ரெண்டு பக்கமும் இடுப்புயரத்துல முறுக்கு இரும்புக் கயிறு, அத தாங்க ஜோடி ஜோடியா கம்பம், ஒவ்வொரு ஜோடி அடியிலயும் குறுக்கால ஒரு மரக்கட்டை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல சுமார் பத்து அடி வழுக்குப் பாறை. முறை என்னன்னா, கட்டைல நின்னு மூச்சு விடணும், மேல பாக்கணும், அடுத்த கட்டை காலியாச்சுன்னா ரெண்டு கேபிளையும் ரெண்டு கையால பிடிச்சு ஒரே மூச்சுல பத்து அடி நடந்துடணும், பாதில நிக்கக் கூடாது. கைய விட காலுதான் வேலை செய்யணும்: உடம்ப பாறையோட ஒட்டி வெச்சா ஷூ வழுக்கும், கொஞ்சம் பின்னால சாஞ்சு பாதம் முழுசும் பதியுற மாதிரி வெச்சா பிடிக்கும். எங்க ஊர் பக்கம் பர்வதமலைல சங்கிலியும் கடப்பாரையும் பிடிச்சு ஏறினவங்களுக்கு இது கைக்கு பழகின வேலைதான், ஆனா அங்க கடப்பாரைய பாறைக்குள்ள அடிச்சு இறக்கியிருக்கும், இங்க கம்பம் குழியில சொருகித்தான் இருக்கு, உங்க மொத்த பாரத்தையும் அது மேல போடாதீங்க, அப்படியே உருவிட்டு வரும். கேபிளத்தான் நம்பணும்.

உசரம்னா பயம் இருக்குறவங்க க்ளைம்பிங் ஹார்னஸும், ரெண்டு கொக்கி மாட்டின பெல்ட்டும் வாடகைக்கு எடுத்துட்டு வரலாம். ஒரு கொக்கி எப்பவும் கேபிள்ல மாட்டியே இருக்கணும், கம்பம் வர்ற இடத்துல மத்தத மேல மாட்டிட்டு அப்புறம் கீழ இருக்குறத கழட்டணும். நான் மாட்டல, அடுத்த தடவ போனா மாட்டுவேன், குழந்தைங்க இருக்கு. ஏறுறவங்க இறங்குறவங்க எல்லாருக்கும் இந்த ஒரே பாதைதான், அதனால எதிர்ல வர்றவங்களோட பேசி, ஆளுக்கு ஒரு கேபிள்னு ஒதுங்கி வழி விடணும். எக்காரணம் கொண்டும் கேபிளுக்கு வெளிப்பக்கமா போகாதீங்க. நடுவுல ஒருத்தர் உறைஞ்சு போய் நின்னா கத்தாதீங்க, "அடுத்த கட்டை மட்டும்"னு மெதுவா சொல்லுங்க, எனக்கு ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அப்படித்தான் சொன்னாங்க.

இந்தப் பாறைல மனுஷன் கால் படவே படாதுன்னு 1860கள்ல அரசாங்க சர்வே எழுதி வெச்சுது. 1875ல ஜார்ஜ் ஆண்டர்சன்னு ஒருத்தர் பாறைல துளை போட்டு, இரும்பு ஆணி அடிச்சு, அது மேலயே ஏறி அடுத்த துளை போட்டு உச்சிக்கு போயிட்டாரு. இப்ப இருக்குற மாதிரி கேபிள் வந்தது 1919ல.

உச்சி

ஏறினதும் கூர்மையா ஒரு முனை இருக்கும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க, கிரிக்கெட் ஆடுற அளவுக்கு பெரிய மைதானம். தகடு தகடா உரிஞ்ச பாறை, வெங்காயம் மாதிரி. பாதி டோம் உடைஞ்சு விழுந்துடுச்சுன்னு பேரு, ஆனா நிஜத்துல மறுபாதின்னு பெருசா ஒன்னு இருந்ததே இல்லைன்னுதான் புவியியல்காரங்க சொல்றாங்க, கீழ பள்ளத்தாக்குல இருந்து பார்க்குற கோணத்தோட மாயம். விளிம்புல நீட்டிட்டு இருக்குற வைசர்ங்குற பாறைக்கு படுத்துட்டே போய் எட்டிப் பார்த்தேன், வயித்துல ஒரு காலி. நின்னுட்டு செல்ஃபி எடுக்குறவங்கள பார்த்தா நமக்கு வேர்க்கும். அரை மணி நேரம் இருங்க, புளி சாதத்த முடிங்க, மேகத்த பார்த்துட்டே சாப்பிடுங்க.

இறங்குறது

கேபிள்ல இறங்கும்போது முகத்த பாறைப் பக்கம் வெச்சு, ஏணில இறங்குற மாதிரி பின்னாலயே வாங்க. சப் டோம்ல அவசரமே வேணாம், கால் தளர்ந்திருக்கும்போது அந்தப் படி ரொம்ப மோசம். நெவாடா ஃபால் வந்ததும் திரும்ப மிஸ்ட் ட்ரெயில்ல போகாதீங்க, ஈரப் படில சோர்ந்த காலோட, எதிர்ல ஏறி வர்ற சுற்றுலாக் கூட்டத்தோட இறங்குறது வீண் வம்பு. ஜான் மியூர் ட்ரெயில்ல வாங்க, ஒரு மைல் சொச்சம் கூட, ஆனா சரிவு கம்மி, முட்டி உங்களுக்கு நன்றி சொல்லும், போற வழில நெவாடா அருவியும் ஹாஃப் டோம் முதுகும் சேர்ந்து தெரியும்.

அன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு ஓட்டிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. நாங்க கிளம்பினோம், மலைப்பாதைல மூணாவது வளைவுலயே எனக்கு கண்ணு சொருகிடுச்சு, ஓரமா இருந்த திருப்பத்துல நிறுத்தி மூணு பேரும் வண்டிக்குள்ளயே காலை 5 மணி வரைக்கும் தூங்கினோம். எழுந்து பிரேக்க மிதிக்கலாம்னு பார்த்தா தொடை தூக்கவே வரல, கையால தூக்கி வெச்சேன்.